அவர் கோடு, அவள் நூல்

மண்ணெண்ணெய் வாசம் மறுபடியும். ஒரே ஒரு இலைக்காக. என் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை அந்த இலை, அதற்காக சுகிர்தா திரும்பவும் கிண்ணத்தை எடுத்து, நீலப்பொடியில் நாலு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுக் குழைத்து, பஞ்சில் தொட்டு, ஊசியால் பொட்டுப் பொட்டாகக் குத்தி வைத்திருக்கும் தாளைத் துணிமேல் விரித்துத் தேய்க்கிறாள். ஓட்டைகள் வழியே நீலம் இறங்கி, தாளை எடுத்ததும் துணியில் புள்ளி புள்ளியாக இலை விழுந்திருக்கிறது. ஆல்வின் சார் வரைந்த இலை. நேற்றே இந்த இலையைத் தைத்து முடித்துவிட்டாள், நான் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது, பச்சை நூல் இரண்டிழையில் நெருக்கமாக, மேலே தடவினால் வழுவழுவென்று இருந்திருக்கும், தடவ நான் துணியவில்லை. இன்றைக்குச் சாப்பிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்தவள் சின்னக் கத்தரியை எடுத்து அந்த இலையை மட்டும் பிரித்துப் போட்டாள். ஏன் என்று கேட்டேன். "பச்சை சரியா அமையலங்க" என்றாள். போன வாரமும் பச்சை சரியாக அமையவில்லை. கனகாம்பரக் கொத்து ஒன்று, அதற்குக் கீழே மூன்று இலை, பிரஷ்களைச் சுருட்டி வைத்துக்கொள்ள ஒரு துணி உறை, அவ்வளவுதான் சாமான். ஆல்வின் சார் இவள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர், தென்காசிப் பக்கம் மாற்றலாகிப் போகிறார், அவருக்குக் கொடுக்க. அவருக்கே தெரியாது. யாரோ ஹெட்மாஸ்டரின் தங்கச்சிக்கு என்று சொல்லி அவர் கையாலேயே டிசைனை வரைந்து வாங்கி வந்துவிட்டாள். "அவர்கிட்ட வாய் தவறிக்கூடச் சொல்லிறாதீங்க, என்ன?" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தபோது, இருபத்திரண்டு வருஷம் கட்டி வாழ்ந்தவளோடு எனக்கென்று ஒரு ரகசியம் கிடைத்த சந்தோஷத்தில் நானும் சிரித்தேன். அது இன்னொருத்தரைப் பற்றிய ரகசியம் என்பது படுத்த பிறகுதான் உறைத்தது. சாயங்காலம் அவர் வருகிறார், விடைபெற்றுக்கொள்ள. இலை பாக்கி.

ஊரில் பாதிப் பேர் வீட்டில் இவள் தைத்தது ஒன்று இருக்கிறது. நான் திரும்பி வந்த புதிதில் அது தெரியாது, பிறகு கண் அதைத் தேடத் தொடங்கிவிட்டது, இப்போது தேடாமல் இருக்க முடிவதில்லை. சர்ச்சில் பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும், எனக்கு முன் வரிசையில் பாதிரியாரின் மனைவி ஐயரம்மா மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறப்பார்கள், கூட்டின்மேல் இரண்டு ஆரஞ்சுப் பூ. இவள் தைத்தது. எதிர்வீட்டுப் பேரப்பிள்ளையின் தொப்பியில் ஒரு குருவி, இவள் தைத்தது. தபால்காரர் பெண் கல்யாணத்துக்குத் தலையணை உறை, பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பார்த்த அவள் பழைய மாணவி ஒருத்தியின் பையில் 'ர' என்று ஒரு எழுத்து, அந்த 'ர'வின் வாலில் ஒரு மொட்டு. எல்லாம் அன்பளிப்பு, காசு வாங்குவதில்லை. ஊருக்கெல்லாம் ஊசிமுனையளவு அன்பை அளந்து கொடுத்திருக்கிறாள், நான் வெளிநாட்டில் கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் குழாயில் மீட்டர் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில். சரி, அன்புதானே, கொடுக்கட்டும், அது குறைகிற பொருளா என்று பெரிய மனிதனாட்டம் நினைத்துப் பார்ப்பேன். எட்டாவது வரை தமிழிலும் அதற்குமேல் இங்கிலீஷிலும் படித்தவனுக்கு இந்த மாதிரி நியாயங்கள் இரண்டு மொழியிலும் வரும், சண்டை மட்டும் எந்த மொழியிலும் வராது. ஆனால் அந்தத் தொப்பிக் குருவியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால், அதன் கழுத்து வளைகிற வளைவு இருக்கிறதே, அது இவளுடையது இல்லை. இவளுக்கு வரைய வராது. அது ஆல்வின் சாருடைய வளைவு. ஐயரம்மாவின் பூவும் அவருடையது. 'ர'வின் மொட்டும் அவருடையது. அவர் பென்சில் எந்த வழியாகப் போனதோ அந்த வழியாகவே இவள் ஊசி போயிருக்கிறது, ஒரு நூலிழை விலகாமல், இத்தனை வருஷமாக. அவர் கோடு, அவள் நூல். தைத்து முடித்தால் கோடு வெளியே தெரியாது, நூல் மூடிவிடும். அடியில் இருக்கும். பரிசு வாங்கியவர்களுக்கு அது தெரியாது. எனக்கு ஏன் தெரிந்து தொலைத்தது.

"உங்க நூல் முறுக்கிக்கிட்டு நிக்குது பாருங்க, ஊசியைத் தொங்கவிடுங்க, தானாப் பிரிஞ்சிரும்" என்கிறாள். தொங்கவிடுகிறேன். ஊசி பம்பரமாகச் சுற்றுகிறது. நான் தையல் படிக்கிறேன். அவளிடமே படிக்கிறேன். கேட்டபோது ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள், கேலி செய்கிறேனோ என்று பார்த்திருப்பாள், பிறகு மரியாதையாக ஒரு ரிங்கை எடுத்துத் துணியை இழுத்துப் பிடித்து மாட்டிக் கொடுத்தாள். மகள் ஜெனிலாவுக்கு விடுதிக்கு ஒரு கைக்குட்டை தைத்து அனுப்பப்போகிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். பொய். சுகிர்தாவுக்குத்தான். ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்தவளுக்கு இதுவரை யாரும் ஒரு தையல் போட்டுக் கொடுத்ததில்லை, ஆல்வின் சாரும் கொடுத்ததில்லை, அவர் வரைவார், அவருக்குத் தைக்க வராது, ஆகவே அந்த ஓர் இடம் இன்னும் காலியாக இருக்கிறது, அதில் போய் நான் துண்டு போட்டுவிட வேண்டும். இதுதான் என் கணக்கு. என் கொழுந்தியாள் ஹெப்சி வந்தவள் வாசலிலேயே நின்று கையைத் தட்டினாள். "அத்தான், ஜோரு! அடுத்தது பூக்கட்டப் படிச்சிருங்க, பிறகு உங்களுக்கு மாப்பிள்ளை பாத்துரலாம்." நான் சிரித்தேன். சுகிர்தா சிரிக்கவில்லை, "சும்மா இருட்டி, அவங்க ஆசையாச் செய்தாங்க" என்றாள். அவங்க. செய்தாங்க. விருந்தாளியைக் கேலி செய்யக்கூடாது என்று சின்னப்பிள்ளையை அடக்குகிற குரல். ஊசியையும் அவள் என் கையில் கொடுப்பதில்லை, கோத்து மேசைத் துணியில் குத்தி வைப்பாள், நான் எடுத்துக்கொள்ள வேண்டும். கைக்குக் கை ஊசி கொடுத்தால் சண்டை வருமாம். வரட்டுமே. வந்து பத்து மாசம் ஆகிறது, ஒரு சண்டை இல்லை. மீனில் நடுத்துண்டு எனக்கு, டீ வருகிறது அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பூப்போட்ட கோப்பையில், கோயில்பிள்ளை சார் குடும்பம் மாதிரி விருந்தாளிகள் வந்தால் எடுக்கிற கோப்பை. அவள் தினமும் குடிக்கிற எவர்சில்வர் டம்ளருக்கு ஜோடி ஒன்று அடுக்களையில் இருக்கிறது. அதில் எனக்கு ஊற்றமாட்டாள்.

ஆல்வின் சாரைத் திட்டுவாள். அதுதான். அந்த இடத்துக்கு வந்தால் என் நினைப்பு முள்ளில் மாட்டிய வேட்டி மாதிரி நின்றுவிடுகிறது, முன்னேயும் போகாது பின்னேயும் வராது. நான் வந்த இரண்டாம் வாரம் என்று நினைக்கிறேன், அவர் தாளோடு வந்தார், நாற்பதைத் தாண்டிய ஆள், அம்மாவோடு இருக்கிறார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சட்டைப் பையில் எப்போதும் மை ஊறிய ஒரு கறை. தாளை வாங்கிப் பார்த்தவள், நான் பக்கத்தில் இருப்பதையே மறந்துவிட்டு, "சார், கண்ணை எங்க வச்சிருக்கீய? இலைக்கு நரம்பு போடச் சொன்னா ரோடு போட்டு வச்சிருக்கீய. இதுல பஸ்ஸுதான் விடணும். அழிங்க, அழிங்க" என்றாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "டீச்சர், நரம்பு தெரியணும்னு நீங்கதான் சொன்னீய" என்றார். "தெரியணும்னா இப்படியா? உங்ககிட்ட ஒண்ணு சொல்லி ஒப்பேத்துறதுக்குள்ள என் பிராணன் போயிரும்." அவர் அங்கேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அழித்தார். எந்த மூஞ்சியிலும் ஒன்றும் இல்லை, கள்ளத்தனம் இல்லை, கண்ணோடு கண் பார்க்கக்கூட இல்லை, இரண்டு பேர் பார்வையும் தாளில்தான் இருந்தது. அப்படி ஏதாவது இருந்திருந்தால் நிம்மதியாகக் கோபப்பட்டிருப்பேன், நாலு பேரிடம் சொல்லி அழுதிருப்பேன். இதை யாரிடம் சொல்ல? என் பெண்டாட்டி இன்னொருத்தரைத் திட்டுகிறாள், என்னைத் திட்டமாட்டேன் என்கிறாள் என்று எந்த ஐயரிடம் போய் முறையிட? கேட்டால் சிரிப்பார்கள். எனக்கே, மற்றவன் வாயால் கேட்டால், சிரிப்பு வரும். ஆனால் அன்றைக்கு நெஞ்சில் ஏறிய சூடு இன்னும் இறங்கவில்லை. என்னோடு பேசும்போது அவளுக்கு ரேடியோத் தமிழ் வந்துவிடுகிறது, 'சாப்பிடுறீங்களா, தூங்குறீங்களா, ஃபேனைக் கூட்டட்டுமா.' அவரிடம் பேசும்போது திருநெல்வேலி அப்படியே பொங்கி வருகிறது. இலைக்கு ரோடு போட்டேன் என்று என்னை யாராவது வையக்கூடாதா?

இப்போது என் ரிங்கில் இருப்பது மைனா. நானே வரைந்தது. அவர் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்து, "இந்தப் பூ சுலபமா இருக்கும்" என்றாள் முதலில், வேண்டாம் என்றேன், அவர் கோட்டின்மேல் நானும் போய் நடக்கவா. மகளின் பழைய பென்சிலை எடுத்து மூன்று நாள் குனிந்து வரைந்தேன். "நல்லாருக்கு" என்றாள். "என்னது சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "கத்திரிக்காய்... இல்லைங்களா?" என்றாள் மெதுவாக, என் மனசு நோகக்கூடாதே என்று. மைனா என்றதும், "ஆமாங்க, மைனாதான், மூக்கு இருக்குல்ல" என்று உடனே ஒத்துக்கொண்டாள். ஆல்வின் சார் வரைந்திருந்தால் விட்டிருப்பாளா? மைனா ஏன் என்று அவள் கேட்கவில்லை, மறந்திருப்பாள். ஓமானில், நான் வேலை பார்த்த சலாலாவில், என் அறைச் சன்னலில், ஏசி பெட்டிக்கு மேல் ஒரு மைனா வந்து உட்காரும், மழைக்காலம் முழுக்க. ஒரு வெள்ளிக்கிழமை போனில் பேசிக்கொண்டிருக்கும்போது அது ஏதோ கொஞ்சிக் கத்தியது, இவள் பேச்சை நிறுத்தினாள். "பக்கத்துல யாரு?" என்றாள். மைனா என்றேன். "மைனாவா? அது பேரா?" என்றாள். அந்தக் குரல். அதில் கொஞ்சம் துரு ஏறியிருந்தது. நான் உடனே விளக்கம் சொல்லாமல் இரண்டு நொடி சும்மா இருந்தேன், அந்த இரண்டு நொடியை வைத்துக்கொண்டு அந்த மழைக்காலத்தை ஓட்டினேன். எனக்காக எரிந்தாளே. இப்போது யாருக்காக எரிவாள்? திங்கட்கிழமை முதல் ஆல்வின் சார் தூரத்தில் இருக்கப்போகிறார். அதை நினைத்து நிம்மதியாக இருக்க வேண்டியவன் நான், ஆனால் எனக்குத் தெரிந்த அளவு தூரத்தைப் பற்றி யாருக்குத் தெரியும். தூரத்தில் இருப்பவனுக்கு ஒரு மவுசு உண்டு. அவன் ஈரத் துண்டைக் கட்டிலில் போடமாட்டான், குறட்டை விடமாட்டான், அவன் சொன்ன நல்ல சொல் மட்டும்தான் வீட்டில் இருக்கும், ஒவ்வொரு வருஷமும் அது ஒரு சுற்று அழகாகும். பதினாலு வருஷம் அந்த இடத்தில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன். எழுந்து வந்துவிட்டேன். இடம் காலி. இனி ஆல்வின் சார் அதில் போய் உட்காருவார், ஒவ்வொரு இலை தைக்கும்போதும் அவர் ஞாபகம் வரும், இப்படி வரைவாரே என்று வரும், நான் இங்கே இந்த நாற்காலியில் குறட்டையோடு இருப்பேன். அதனால்தான் பிரிக்கிறாளா? இலை முடிந்தால் கொடுக்க வேண்டும், கொடுத்தால் அவர் போக வேண்டும். பச்சை சரியில்லை, பச்சை சரியில்லை. கேட்டுவிடலாமா? என்ன கேட்க? 'ஏன் பிரிக்கிற?' என்றுதான் கேட்டாயிற்றே, பதிலும் வந்தாயிற்றே. என் வாயைத் திறந்தால் வருவது என்ன என்று எனக்கே பயமாக இருக்கிறது, ஆகவே குத்துகிறேன், மைனாவின் காலுக்கு மஞ்சள் நூல், காம்புத் தையல், முன்னே ஒரு குத்து, பின்னே பாதி தூரம் வந்து மறு குத்து, ஒவ்வொரு தையலும் பாதி திரும்பித்தான் முன்னே போகும், திரும்பாமல் போனால் அதற்குப் பேர் வேறு. குத்து. இழு. கொஞ்சம் கனமாக வருகிறது. இழு. அவள் இலையின் பாதியைத் தாண்டிவிட்டாள். நல்ல பச்சை. எனக்கு அது நல்ல பச்சையாகத்தான் தெரிகிறது.

கேட் சத்தம். "டீச்சர்" என்றார் ஆல்வின் சார் வாசலில் நின்று. அவள் உறையை மடியில் வைத்தபடியே, மறைக்கவும் தோன்றாமல், "வாங்க சார்" என்றாள், அதில் திருநெல்வேலி இல்லை, ஒன்றும் இல்லை. அவர் உள்ளே வந்து, "அண்ணாச்சி, நீங்களும் தைக்கீயளா?" என்று ஆச்சரியப்பட்டுவிட்டு, எனக்கு எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அம்மாவுக்கு மாடியேற முடியாது, கீழ் வீடாகப் பார்த்திருக்கிறேன், பள்ளிக்கூடம் மலையைப் பார்த்த மாதிரி இருக்கிறது, இப்படி என்னிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தார், அவளைப் பார்க்காமல். அவள் ரிங்கைக் கழற்றினாள். துணியை ஒரு உதறு உதறி மடித்து அவரிடம் நீட்டினாள். "உங்களுக்குத்தான். ஹெட்மாஸ்டர் தங்கச்சியும் இல்லை, ஒருத்தியும் இல்லை." அவர் பிரித்தார். தன் கனகாம்பரத்தைப் பார்த்தார். என் கண் முழுக்க அவர் முகத்தில்தான் இருந்தது, ஒரு புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கே நெளியும் என்று. பெருவிரலால் பூவைத் தடவினார், நான் தடவத் துணியாததை. பிறகு விரல் மூன்றாம் இலைக்கு வந்து நின்றது, பாதி பச்சை, பாதி நீலப் புள்ளி. "முடிக்கல சார்" என்றாள். "பச்சை அமையல. குடுத்துட்டுப் போங்க, முடிச்சுத் தபால்ல அனுப்புதேன்." அவர் தலையை ஆட்டினார். "இருக்கட்டும் டீச்சர். பாக்கி இருக்கட்டும்." அவ்வளவுதான் பேசினார்கள். ஃபேன் சுற்றியது. பாக்கி இருக்கட்டுமாம். அந்தப் பாதி இலையைக் கொண்டுபோய்த் தென்காசியில் வைத்துக்கொண்டு ஆயுசுக்கும் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறார், இவள் இங்கே இருந்து மீதிப் பாதியை நினைத்துக்கொண்டிருக்கப் போகிறாள், முடிந்துபோனது என்றால் ஒரு நாள் மறந்துபோகும், இது எப்படி மறக்கும், பாவி, என்னமாய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாய், எனக்குப் பதினாலு வருஷத்தில் போனில் இப்படி ஒன்று சொல்ல வாயில் வந்ததா? நான் எழுந்தேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியாது, கையைக் கொடுக்கவோ, கதவைத் திறந்துவிடவோ, அந்த உறையைப் பிடுங்கவோ. எழுந்தபோது மடியில் இருந்த ரிங் கீழே விழவில்லை. தொடையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அதை எடுக்க இழுத்தேன், இடுப்பில் கட்டியிருந்த லுங்கிச் சாரம் சேர்ந்து வந்தது. மறுபடி இழுத்தேன், முழங்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்தது. மைனாவின் இரண்டு காலையும் என் சாரத்தோடு சேர்த்துத் தைத்துவைத்திருக்கிறேன், அழுத்தமாக, காம்புத் தையலில், ஒன்றும் விடாமல்.

முதலில் சிரித்தது ஆல்வின் சார். சத்தமில்லாமல், குனிந்துகொண்டு. இனி அவளும் சிரிப்பாள், இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள், அதையும் பார்த்தாகிவிடும் என்று ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சிரிக்கவில்லை. கத்தரியோடு வந்தாள். "அறிவு இருக்கா உங்களுக்கு?" என்றாள். எனக்கு முதலில் யாரைச் சொல்கிறாள் என்று புரியவில்லை. "உங்களைத்தான் கேக்கேன், இருக்கா? மடியில வச்சுக் குத்துனா துணியோட சேந்து வரும்னு பச்சப்பிள்ளைக்குத் தெரியும், நினைப்பு எங்க இருக்கு உங்களுக்கு? கொஞ்சம் இறங்கியிருந்தா தொடையச் சேத்துத் தைச்சிருப்பீய, நான் ஆஸ்பத்திரிக்குல்லா ஓடணும்! ஆடாம நில்லுங்க. பத்து மாசமாப் பாக்கேன், இருந்த இடத்துல இருக்கீய, குடுத்ததைத் திங்கீய, உப்பு இருக்கா இல்லையான்னு ஒரு வார்த்தை உண்டா? வீட்டுக்காரங்க வந்தாச்சு, வந்தாச்சுன்னு ஊர் பூராச் சொன்னேன், வந்தது யாரு? நாற்காலியில விருந்தாளி கணக்கா வந்து உக்காந்துக்கிட்டு, ஏதாவது கேட்டா சரிம்மா, நல்லதும்மா. எனக்கு எப்படி இருக்கும்? நாக்கு இருக்கா, இல்ல அங்கேயே வச்சுட்டு வந்துட்டீயளா?" குனிந்து ரிங்குக்கு அடியில் கையை விட்டாள். தையலை வெட்டப்போகிறாள் என்று கண்ணை மூடினேன். கரகரவென்று சத்தம் வந்தது, குளிர்ந்த கத்தரி தொடைக்கு மேலே வட்டமாகச் சுற்றியது, திறந்து பார்த்தால் சாரத்தில் உள்ளங்கை அளவு ஓட்டை, கட்டம் போட்ட துணித்துண்டோடு மைனா அவள் கையில். "ரெண்டு மாசம் உக்காந்து தைச்சிருக்கீய, அதையா வெட்ட முடியும்" என்று அதே கோபத்தில் சொன்னாள். நடையில் செருப்புச் சத்தம், "வாறேன் டீச்சர், வாறேன் அண்ணாச்சி" என்று ஒரு குரல். கேட். ஸ்கூட்டர் ஒரு உதையில் கிளம்பவில்லை, இரண்டாவது உதையில் கிளம்பியது, அந்தச் சத்தத்தில் அவள் பேச்சு ஒரு இழை நின்ற மாதிரி இருந்தது, மூச்சு வாங்கத்தான் நின்றாளா, வேறு எதற்கா, நான் கேட்கப்போவதில்லை, கேட்காமல் இருக்கவும் போவதில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, அது உண்மை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். துணியை வெளிச்சத்தில் திருப்பி, "இது யாருக்கு? ஜெனிலாவுக்கா? அவ இதைத் தொடமாட்டா" என்றாள். "உனக்கு" என்றேன். நிமிர்ந்தாள். முகம் இளகப்போவது தெரிந்தது, உதட்டோரம் ஆரம்பித்துவிட்டது, இளகினால் அந்த 'ங்க' திரும்ப வந்துவிடும், பூப்போட்ட கோப்பை வந்துவிடும், ஐயோ வேண்டாம் என்று பதறிப்போய், வாயில் வந்ததைச் சொன்னேன்: "நீ சொன்னது சரிதான், அது கத்திரிக்காய்தான்." "அப்போ ரெண்டு மாசமா மைனா மைனான்னு என் உயிரை எடுத்தீயளே, அது என்ன?" என்று அவள் மறுபடி ஆரம்பித்தாள். ஓட்டைச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு, ஆடாமல் நின்றேன்.